ஞாயிற்றுக்கிழமை மேடு

மாசிலாமணி எழுதிய கடிதங்கள் போகாத நாடு கிடையாது. ஆனால் ஒன்றின் அடியிலும் அவர் பெயர் இருந்ததில்லை. 'ஆய்வு நேர்மைப் பிரிவு' என்று மொட்டையாக முடியும். தரமணியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத பேராசிரியர்களிடம் "நீங்கள் திருடினீர்களா?" என்று கேட்பது அவர் உத்தியோகம். அதை அப்படியே கேட்டுவிட முடியுமா? "தங்கள் கட்டுரைக்கும் எங்கள் காப்பகத்தில் உள்ள ஒரு கட்டுரைக்கும் சில ஒற்றுமைகள் தென்படுகின்றன. தாங்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவர்களாவோம்" என்று கேட்க வேண்டும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது அலுவலகத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி.

அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே பழைய திருட்டு முறைகள் வழக்கொழிந்து போயிருந்தன. அடுத்தவர் பத்தியை வரிக்கு வரி இறக்கி வைப்பது, படத்தைத் திருப்பிப் போட்டுத் தன்னுடையது என்பது எல்லாம் அதற்கு முந்தின தலைமுறையின் கைவரிசை. எழுதும் இயந்திரங்கள் வந்தபின், யாருடைய ஆய்வையும் ஒரு நொடியில் வேறு வார்த்தையில் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்கிற பழைய மென்பொருள்கள் முழித்தன. பதிப்பகங்கள் எல்லாம் சேர்ந்து, முள்ளை முள்ளால் எடுப்பது என்று முடிவுசெய்து, முன்னோடியை உருவாக்கின.

முன்னோடி செய்கிற காரியம் கேட்க எளிது. உலகத்தில் இதுவரை வந்த ஆய்வுகளைப் படித்து, அடுத்து எந்த ஆய்வு வரும் என்று ஊகித்து, அந்தக் கட்டுரையைத் தானே எழுதிக் காப்பகத்தில் போட்டு வைத்துவிடும். பின்னால் யாராவது அதே மாதிரி ஒன்றை அனுப்பினால், இது ஏற்கெனவே இங்கே இருக்கிறதே என்று கைகாட்டும். இயந்திரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊகிக்கக்கூடிய ஒன்றைப் புதிய கண்டுபிடிப்பு என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் கட்சி. ஆரம்பத்தில் அப்படிப்பட்ட கட்டுரைகளைத் திருப்பி அனுப்புவதோடு விட்டார்கள். பிறகு ஒரு வழக்கறிஞர், காப்பகத்தில் இருப்பது பதிப்பகங்களின் சொத்து, ஆகவே அதோடு ஒத்துப்போவது திருட்டு என்று அருள்வாக்குச் சொன்னார். அன்று முதல் நேர்மைப் பிரிவுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் போயிற்று.

திருட்டு என்று முடிவானால், கட்டுரை அச்சாகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், எழுதியவர் பெயர் அறிவிப்புப் பக்கத்தில் வரும். எல்லாப் பதிப்பகங்களுக்கும் பொதுவான பக்கம் அது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மூடி, மாலையில் உலகம் முழுவதும் வெளியாகும். அதில் பெயர் வந்தவரை எந்தப் பத்திரிகையும் தொடாது, எந்தக் கல்லூரியும் சீந்தாது.

பிரிவுக்குத் தலைவி வைதேகி. புள்ளியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிரிவு தொடங்கிய காலத்தில் ஒற்றை ஆளாக எல்லா வழக்குகளையும் அவரே திறந்து அவரே முடித்தார் என்பார்கள். இப்போது வழக்கைத் திறப்பது மாசிலாமணி, மேற்பார்வை அவர். இத்தனை படித்தும் ஒரு பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. ராகு காலத்தில் புதிதாக எதையும் திறக்க மாட்டார், கையெழுத்தும் போட மாட்டார். வெள்ளிக்கிழமை பத்தரை ஆனதும் மவுசைத் தள்ளிவைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார். மேடத்துக்கு நேர்மையிலும் நல்ல நேரம் கெட்ட நேரம் உண்டு என்று பையன்கள் கேண்டீனில் சிரிப்பார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கும். கண்டுகொண்டதில்லை.

அமலி மச்சாடோவின் வழக்கு ஒரு சாதாரணத் திங்கட்கிழமையில் வந்தது. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். உப்பளத்துத் தண்ணீரில் விடியற்காலையில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், விளையப்போகும் உப்பு வெள்ளையாக வருமா மங்கலாக வருமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது கட்டுரையின் சாரம். காப்பகத்தில் அதே சாரத்தோடு முன்னோடி எழுதிய கட்டுரை இருந்தது. ஒற்றுமை தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். மாசிலாமணி வழக்கமான கடிதத்தை அனுப்பினார். குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினால் காணொளியில் பேசலாம் என்று அதன் கடைசி வரியில் இருக்கும். யாரும் அதுவரை படிப்பதில்லை. இந்தப் பெண் படித்திருந்தாள்.

திரையில் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சார், நீங்க மனுஷர்தானா?"

"ஆமாம்மா."

"லெட்டரப் பாத்தா தெரியல சார். அதான் கேட்டேன்."

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க கட்டுரையும் காப்பகத்துல இருக்கற ஒரு கட்டுரையும் ஒத்துப்போகுதும்மா. அதப் பத்தி நீங்க என்ன சொல்றீங்கன்னு பதிவு பண்ணணும். இந்தக் காலும் பதிவாகுது."

"அந்தக் கட்டுரை யாரு எழுதுனது?"

"யாரும் எழுதல. இயந்திரம் எழுதினது."

"அது உப்பளத்தப் பாத்திருக்கா?"

"பாக்காதும்மா. இதுவரைக்கும் வந்த ஆய்வுகள வெச்சு ஊகிக்கும்."

"நான் மூணு மணிக்கு எந்திரிச்சு, டார்ச்ச அடிச்சிக்கிட்டு, பாத்தி வரப்புல நடந்து அளந்தேன். அத ஒண்ணு உக்காந்துக்கிட்டே ஊகிச்சிட்டுன்னு சொல்லுதிய. சரி, ஊகிச்சிட்டுப் போகட்டும். அதுக்கு நான் ஏன் சார் களவாணி ஆவணும்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்க காலேஜ்ல நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்காவ. இத்தன வருசம் மணிக்கணக்குச் சம்பளத்துல ஓட்டிட்டேன். உங்க பக்கத்துல என் பேரு வந்துட்டுன்னா நேர்காணலுக்கே கூப்பிட மாட்டாவ. அதுக்குப் பொறவு எந்தக் காலேஜும் கூப்பிடாது."

இதைப் போன்ற பேச்சை மாசிலாமணி நிறையக் கேட்டிருக்கிறார். அழுதவர்கள் உண்டு, வழக்குப் போடுவேன் என்று மிரட்டியவர்கள் உண்டு, அமைச்சரைத் தெரியும் என்றவர்களும் உண்டு. அவருக்கு எதுவும் ஒட்டுவதில்லை. தாமரை இலை மாதிரி இருக்கப் பழகியிருந்தார்.

"காப்பகத்துக் கட்டுரைய நான் பாக்கலாமா?" என்றாள்.

விதி அனுமதித்தது. அனுப்பக் கூடாது, திரையில் காட்டலாம். மாசிலாமணி பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டினார். ஒரு வரைபடம் வந்ததும், "நிறுத்துங்க சார்" என்றாள். திரைக்கு அருகில் வந்து கோட்டைப் பார்த்தாள். திரும்பி உள்பக்கம் பார்த்து, "என்னங்க, செத்த இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

மேல்சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒருவர் வந்து அவள் பின்னால் நின்றார். அவள் கணவர் கிளமென்ட். அளவெடுத்த உப்பளத்தில்தான் மேற்பார்வை வேலை.

"சார், அந்தக் கோடு ஏழு நாளைக்கு ஒருக்கா மேல ஏறி எறங்குதுல்லா? அந்த மேடு யாரு தெரியுமா? இவருதான்."

கிளமென்ட் சங்கடமாக நெளிந்தார்.

"புரியலையேம்மா" என்றார் மாசிலாமணி.

"மொத வருசம் நான் பிள்ளை உண்டாயிருந்தேன். அதனால இவரு அளந்து குடுத்தாரு. விடியுமுன்ன அளக்கணும். வெயில் பட்டுதுன்னா தண்ணிக்குள்ள இருக்க பாசி ஆக்சிஜன் விட ஆரம்பிச்சிரும், அளவு ஏறிரும். இவரு மத்த நாளெல்லாம் ஒழுங்காத்தான் போயிருக்காரு. ஞாயித்துக்கெழம மட்டும் மாதா கோயில் பூசைக்குப் போயி, அங்கன நாலு பேருட்ட பேசிட்டு, கறிக்கடையில வரிசையில நின்னுட்டு, வெயில் உச்சிக்கு வந்தப்பொறவு அளந்திருக்காரு. எங்கிட்ட மூச்சு விடல."

"சொன்னா திட்டுவா சார்" என்றார் கிளமென்ட்.

"நானும் கவனிக்காம அப்படியே எழுதி அனுப்பிட்டேன். அது திரும்பி வந்துட்டு. வந்தப்பொறவு உக்காந்து பாக்கேன், வாரம் தவறாம ஒரு மேடு. இவரப் பிடிச்சு உலுக்குனேன், ஒத்துக்கிட்டாரு. அந்த அளவையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, அடுத்த வருசம் முழுக்க நானே அளந்து புதுசா எழுதுனேன். இப்ப உங்களுக்கு அனுப்புனது அதான். அதுல மேடு இல்ல சார். உங்க மிஷின் எழுதுனதுல இருக்கு." அவள் சற்று முன்னால் குனிந்தாள். "உங்க மிஷின் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போகுமா?"

மாசிலாமணி வரைபடத்தைப் பார்த்தார். கோடு ஆறு நாள் தவழ்ந்து, ஏழாம் நாள் எகிறி, மறுபடி தவழ்ந்தது. முன்னோடி அதற்கு, 'நுண்ணுயிர்களின் ஏழு நாள் சுழற்சி' என்று பெயர் வைத்து ஒரு பத்தி விளக்கமும் எழுதியிருந்தது.

"முதல்ல எழுதினத எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினீங்க?"

"உங்களுக்குத்தான் சார். ஒரே வாரத்துல திருப்பிட்டிய. 'தங்கள் கட்டுரையைக் கவனமாகப் படித்தோம்'னு போட்டிருந்தது."

அந்த வாக்கியம் மாசிலாமணிக்குத் தெரியும். எல்லா நிராகரிப்புக் கடிதத்திலும் இருப்பது. யாரும் படிக்காமல் ஒரே வாரத்தில் எப்படிக் கவனமாகப் படித்தோம் என்று அவர் யோசித்ததில்லை. யாரோ கவனமாகப் படித்துத்தான் இருக்கிறார்கள் என்பது இப்போது உறைத்தது.

"சரிம்மா, நான் பாக்கறேன்" என்று இணைப்பைத் துண்டித்தார். எல்லோரிடமும் சொல்கிற பேச்சுத்தான். அன்றைக்கு என்னவோ அது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

வைதேகி முழுவதையும் கேட்டுவிட்டு, "இத வேற யார்கிட்ட சொன்னீங்க?" என்றார்.

"உங்ககிட்டதான் மேடம்."

"சரி. மேலிடத்துக்கு எழுதறேன்."

அந்த வாரக் கடைசியில் மாசிலாமணி காப்பகத்துக் கட்டுரையை மறுபடி திறந்தார். கோடு அலுங்காமல் குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. மேடு இல்லை. ஏழு நாள் சுழற்சி பற்றிய பத்தியும் இல்லை. இயந்திரம் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில், 'வழக்கமான பராமரிப்பு' என்று ஒரு குறிப்பு.

அவர் எழுந்து வைதேகியின் கண்ணாடி அறைக்குப் போனார்.

"மேடு காணோம் மேடம்."

"பாத்தேன்."

"அவ்வளவுதானா?"

"உக்காருங்க மாசிலாமணி." வைதேகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்னோடிய ஆரம்பிச்சப்ப அச்சான ஆய்வுகள மட்டும்தான் படிக்கக் குடுத்தாங்க. அத வெச்சு அதால உருப்படியா ஒண்ணும் ஊகிக்க முடியல. அச்சுக்கு வர்றதுக்குள்ள எல்லாம் பழசாயிடுதுல்ல? அப்ப யாரோ சொன்னாங்க, நம்மகிட்ட நிராகரிச்ச கட்டுரைங்க மலை மாதிரி கிடக்கே, அதையும் குடுத்துப் பாக்கலாமேன்னு. குடுத்தாங்க. அதுக்கப்பறம் பிரமாதமா ஊகிக்க ஆரம்பிச்சிருச்சு."

"அது ஊகமா மேடம்?"

"நான் ஊகம்னு சொல்லல."

"அப்ப நாம லெட்டர் போட்டவங்க எல்லாம்..."

"எல்லாரும் இல்ல. நிறையப் பேரு நிஜமாவே திருடினவங்க. ஆனா எத்தன பேரு அடுத்தவங்களோடத எடுத்தாங்க, எத்தன பேரு திரும்பி வந்த தன்னோடதையே தட்டிக் கொட்டி மறுபடி அனுப்பினாங்கன்னு இனிமே யாரு பிரிக்கறது? ஒரு மேட்ட ஒத்துக்கிட்டா எல்லாத்தையும் ஒத்துக்கணும். மேலிடத்துல மேட்ட வெட்டிட்டாங்க. அந்தப் பொண்ணோட கேஸ மாசக் கடைசிக்குள்ள முடிக்கச் சொல்லியிருக்காங்க."

மாசக் கடைசி என்றால் கடைசி வெள்ளிக்கிழமை வெளியாகும் அறிவிப்புப் பக்கம். மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. அது அவருக்குப் பழக்கமில்லாத சரக்கு. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வைதேகியின் மேல் வைக்கலாமென்றால் அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. அமலியோடு பேசிய காணொளி பதிவாகியிருந்தது. அதில் மேடு பத்திரமாக இருந்தது.

சாப்பாட்டு நேரங்களில், தயிர்சாதத்தை ஒரு கையால் பிசைந்துகொண்டே, மாசிலாமணி ஒரு கட்டுரை எழுதினார். பழைய வழக்குகளைப் புரட்டி, குற்றம் சாட்டப்பட்டவர்களில் யார் யார் அதற்கு முன்னால் ஒரு கட்டுரை அனுப்பி நிராகரிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்தார். பாதிக்குப் பாதி அப்படித்தான் இருந்தார்கள். அதையும் மேட்டையும் வைத்து, முன்னோடி ஊகிக்கவில்லை, நிராகரிக்கப்பட்டவர்களிடமிருந்து எடுக்கிறது என்று நிறுவினார். பதிப்பு நெறிகள் பற்றி வெளிநாட்டில் ஒரு பத்திரிகை உண்டு. வேறு பதிப்பகத்தாருடையது. அதற்கு அனுப்பினார். எழுதியவர் பெயர் என்ற கட்டத்தில் சி. மாசிலாமணி என்று தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் எழுதியிருக்கிறார். தன் பெயரில் எழுதியது இதுதான் முதல் தடவை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து கணினியைத் திறந்தார். அவருடைய வரிசையில் புதிதாக ஒரு வழக்கு காத்திருந்தது. எழுதியவர்: சி. மாசிலாமணி. காப்பகத்துக் கட்டுரை ஒன்றோடு தொண்ணூற்று நான்கு சதவீத ஒற்றுமை. வழக்கமான கடிதத்தை அனுப்பவும்.

வேறு பதிப்பகமாக இருந்தால் என்ன, முன்னோடி எல்லோருக்கும் பொது. கைகாட்டும் வழக்குகளுக்குக் கடிதம் எழுதுவதும் தரமணி ஆறாவது மாடிதான். அவருக்குச் சிரிப்பு வந்தது. தனக்குத் தானே நன்றியுடையவராகும் கட்டம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. முன்னோடி இதை எப்படி ஊகித்திருக்கும்? அது ஊகிக்காது என்றுதானே கட்டுரையே எழுதினார்.

ஒத்துப்போன கட்டுரையைத் திறந்தார். அதே வாதம். உள்ளதைச் சொன்னால், அவருடையதைவிட நன்றாக எழுதியிருந்தது. உப்பளம் இல்லை, வேறு உதாரணங்கள். நடுவில் ஒரு கட்டம். நேர்மைப் பிரிவு வழக்குகளை எவ்வளவு அவசரமாகத் திறக்கிறது என்று காட்டுவதற்காக, வாரத்தின் எந்த நாளில் எந்த மணிக்கு எத்தனை வழக்குகள் திறக்கப்பட்டன என்று புள்ளி புள்ளியாகக் குறித்திருந்தது. புள்ளிகளுக்கு நடுவே சில இடங்கள் வெள்ளையாக விட்டுப்போயிருந்தன. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. சாப்பாட்டு நேரமாக இருக்கும் என்று நினைத்தார். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு யார் சாப்பிடுவார்கள்?

அவர் தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தார். மணி பத்தரை தாண்டியிருந்தது. வைதேகி மவுசைத் தள்ளிவைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி உள்ளே போனதும், "உங்க கேஸ் எனக்கும் வந்திருக்கு" என்றார் வைதேகி. "அவங்கவங்க கேஸ அவங்கவங்களே பாக்கக் கூடாதுன்னு எனக்கு மாத்திவிட்டிருக்கு. பன்னெண்டுக்கு மேல தொறக்கறேன்."

"தெரியும் மேடம்." மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "மிஷினு பூசைக்குத்தான் போகும்னு நெனச்சேன். ராகு காலமும் பாக்கும்போல இருக்கே."

வைதேகி கட்டத்தைப் பார்த்தார். வெள்ளை இடங்களின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார். "எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருப்பாரு, நம்பர நம்பாம நேரத்த நம்பறியேன்னு" என்றார். "இது இவ்வளவு நல்லாத் தெரியும்னு அப்ப எனக்குத் தோணல."

"எப்ப எழுதினீங்க?"

"நீங்க சேர்றதுக்கு முந்தின வருஷம். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், கவனமாப் படிச்சோம்னு திருப்பிட்டாங்க. கொஞ்சம் மாத்தி இன்னொண்ணுக்கு அனுப்பினேன். முன்னோடி பிடிச்சிருச்சு. அப்ப இந்தப் பிரிவுல நான் ஒருத்திதான். எனக்கு நானே லெட்டர் போட்டுக்கிட்டேன். எனக்கு நானே பதில் எழுதி, கட்டுரைய வாபஸ் வாங்கிக்கிட்டேன். அத்தோட முடிஞ்சுது."

இத்தனை வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்த அம்மாள் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று மாசிலாமணி நினைத்தார். பாவமாக இருந்தது. பாவம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"இன்னிக்குப் பக்கத்துல அமலி பேரு வருதா மேடம்?"

"மூணாவது பேரு."

"நிறுத்த வழியே இல்லையா?"

வைதேகி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "குற்றத்த ஒத்துக்கிட்டா என்ன நடக்கும்னு விதியப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஒத்துக்கறவங்க எழுதிக் குடுக்கறத அப்படியே அறிவிப்புப் பக்கத்துல போடணும்."

"அது ஆய்வு இல்லைங்கறதால முன்னோடி பாக்காது. எடிட்டர் பாக்க மாட்டாரு. நேரா அச்சுக்குப் போகும். இந்த உலகத்துல இன்னிக்கு யாரும் படிக்காம வெளிய வர்ற ஒரே எழுத்து அதான். அதுக்கு அடுத்தது?"

"யார்கிட்டேருந்து எடுத்தோம்னு பேரச் சொல்லணும்."

"பேரச் சொன்னா, காப்பகத்துல இருக்கறது உண்மையில யாரோடதுன்னு வெளியாள் வெச்சு முடிவு பண்ற வரைக்கும், காப்பகத்த நம்பிப் போட்ட அத்தன கேஸையும் நிறுத்தி வெக்கணும். பக்கம் மூடறதுக்கு முன்னால பதிவாச்சுன்னா அந்த வாரத்துப் பேரும் வராது. ஒம்பதாவது விதி."

மாசிலாமணி அந்த விதியைப் பலமுறை தாண்டிப் போயிருக்கிறார். பயன்பட்டு அவர் பார்த்ததில்லை. "அத யார் எழுதினது?"

"நான்தான். வாபஸ் வாங்கின மறுமாசம் விதிகளத் திருத்தச் சொன்னாங்க. நடுவுல அத வெச்சேன். யாரும் கேக்கல. என்னிக்காவது ஒருத்தர் வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அவர் மேசையைப் பார்த்தபடி பேசினார். "நிஜமாத் திருடினவங்க ஒத்துக்கிட்டாங்க. ஆனா இயந்திரத்த விட்டு எழுதவெச்சவங்களுக்கு யாரோடத எடுத்தோம்னு தெரியல. மன்னிச்சுக்குங்கன்னு மட்டும் எழுதினாங்க. திருடாதவங்க ஒத்துக்கவே இல்ல. அவங்க எப்படி ஒத்துக்குவாங்க?"

"நீங்களே செஞ்சிருக்கலாமே மேடம்."

"செஞ்சிருக்கலாம். வாசல்ல டாக்டர் வைதேகின்னு பலகை மாட்டியிருந்தேன். திருடின்னு கையெழுத்துப் போட எனக்குக் கை வரல." சற்று நிறுத்தி, "இப்பவும் வராதுன்னுதான் நெனைக்கறேன்" என்றார்.

மாசிலாமணி தன் வீட்டு வாசலை நினைத்துப் பார்த்தார். அங்கே பலகை எதுவும் இல்லை. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. ஒத்துக்கொண்டால் மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மனைவி சகுந்தலாவிடம் என்ன சொல்வது? திருடிவிட்டேன் என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள். வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனிதரை யார் திருடன் என்பார்கள்? அந்தப் பெண் கேட்டது நினைவுக்கு வந்தது. நீங்க மனுஷர்தானா? ஆமாம்மா என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார். சொன்னதைக் காப்பாற்றுகிற நேரம் இப்படியா வர வேண்டும்?

"ஒத்துக்கறேன்னு போடுங்க மேடம்" என்றார்.

"வேலை போயிடும் மாசிலாமணி."

"தெரியும்."

"பேரு அந்தப் பக்கத்துல வரும். அதுக்கப்பறம் எங்கயும் எழுத முடியாது."

"இப்ப மட்டும் எங்க எழுதிக் கிழிச்சேன்." அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துத் தட்ட ஆரம்பித்தார். கடிதம் எழுதிப் பழகிய கை, தானாகவே 'நன்றியுடையவர்களாவோம்' என்று போகப் பார்த்தது. அதை அழித்தார். 'நான் திருடியதை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையில் உள்ள கருத்து, எனக்கு முன்பே இதை எழுதி நிராகரிக்கப்பட்ட ஒருவருடையது. காப்பகத்தில் இருப்பதும் அவருடையதே. அவர் வழக்குகளைத் திறந்த நேரங்கள் அதற்குச் சாட்சி.' நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேர எப்படிப் போடணும்?"

வைதேகி திரையைத் தன் பக்கம் சாய்த்து எழுதியதைப் படித்தார். அவர் பெயரும் எந்த ஆய்வின் மேலும் அச்சானதில்லை என்பது மாசிலாமணிக்கு அப்போதுதான் தோன்றியது.

"என் வேலையும் போயிடும்ல?" என்றார்.

"ஆமா மேடம்."

"ஆர். வைதேகின்னு போடுங்க. டாக்டர் வேண்டாம்."

மாசிலாமணி அப்படியே போட்டார். அதற்குக் கீழே உப்பளத்து மேட்டைப் பற்றியும் எழுதினார். மேடு இருக்கிற காணொளியையும் இணைத்தார். அமலி மச்சாடோவின் பெயரைப் போட்டபின் ஒரு கணம் யோசித்து, அளவெடுத்தவர் கிளமென்ட் என்றும் சேர்த்தார். "அவரு சோம்பேறித்தனம் பண்ணலைன்னா நமக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றார். வைதேகி சிரித்துவிட்டார். அவர் சிரித்து மாசிலாமணி பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுதி முடித்தபோது சுவரில் மணி பதினொன்றே முக்கால். அப்போதுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. வழக்கைத் திறந்தால்தான் ஒப்புதலைப் பதிவுசெய்ய முடியும். திறக்க வேண்டியவர் வைதேகி. ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு முடியும். பக்கமும் பன்னிரண்டு மணிக்கு மூடும்.

இப்போதே திறங்கள் என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று மாசிலாமணி நினைத்தார். வைதேகி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. கணக்கா, ஸ்லோகமா என்று தெரியவில்லை.

பிறகு தள்ளிவைத்திருந்த மவுசைப் பக்கத்தில் இழுத்தார்.

"பன்னெண்டு ஆகலையே மேடம்" என்றார் மாசிலாமணி.

"இருக்கட்டும்" என்று வழக்கைத் திறந்தார்.

பின்னாளில் வெளியாட்கள் வந்து அந்தப் பிரிவின் வழக்குகளையெல்லாம் மறுபடி, திறந்தவர் வாரியாக, கட்டங்களில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். முதல் நாளிலிருந்து வைதேகி கையால் திறந்த வழக்குகளுக்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரையான வெள்ளை இடத்தில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. அது ஏதோ பதிவுப் பிழையாக இருக்கும் என்று அடிக்குறிப்பில் எழுதிவிட்டு மேலே போனார்கள்.